ஒரு பீப்பாய்த் தச்சரின் வாழ்வும் சாவும்

அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. வள்ளல்களுக்குக் கொடைக்கல்வெட்டு உண்டு. கைத்தொழில் செய்து பிழைத்த மனிதனுக்கு என்ன உண்டு? பெரும்பாலும் மூன்று வரிகள்: ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, திருமணப் பதிவேட்டில் ஒன்று, இறப்புப் பதிவேட்டில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரிஷ் தொழிலாளி ஒருவரின் வாழ்வை எழுதப் புகுந்தால், இந்த மூன்று வரிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை அக்கால ஊர், தொழில், நோய் ஆகியவற்றின் வரலாற்றைக் கொண்டே நிரப்ப வேண்டியிருக்கிறது.

நாம் இங்கே எடுத்துக்கொள்பவர் பாட்ரிக் கென்னடி. தொழில், பீப்பாய் செய்தல். பிறந்தது அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில், ஏறத்தாழ 1823ஆம் ஆண்டில். இறந்தது அமெரிக்காவின் கிழக்கு பாஸ்டனில், 1858 நவம்பர் 22ஆம் நாள். வயது 35. இவருடைய கொள்ளுப்பேரன் ஜான் கென்னடி 1961இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். அந்த ஒரு காரணத்தால்தான் இவர் பெயர் இன்றும் நூல்களில் நிற்கிறது. அதே காரணத்தால்தான் இவரைச் சுற்றிக் கதைகளும் படர்ந்துவிட்டன. கொள்ளுப்பேரனைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு அந்தத் தச்சரை மட்டும் பார்க்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் முயற்சி.

டங்கன்ஸ்டவுன்

அயர்லாந்தின் தென்கிழக்கில் பாரோ ஆற்றங்கரையில் நியூ ராஸ் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. 1798ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சிக்கு எதிரான எழுச்சியின்போது, ஜூன் 5ஆம் நாள் இந்நகரின் தெருக்களில் கடும்போர் நடந்தது. நகருக்குத் தெற்கே சில மைல் தொலைவில் டங்கன்ஸ்டவுன் என்னும் சிற்றூர். அங்கே குத்தகை நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்த குடும்பம் கென்னடிகளுடையது.

பாட்ரிக் அந்த வீட்டின் இளைய மகன். இந்த ஒரு செய்தி அவர் வாழ்வின் போக்கை ஏறக்குறைய முடிவுசெய்துவிட்டது எனலாம். நிலம் சொந்தமன்று, குத்தகை. அதைப் பிள்ளைகளுக்குள் துண்டாடினால் ஒருவருக்கும் மிஞ்சாது. ஆகவே நிலம் ஒரு மகனிடம் நிற்கும்; மற்றவர்கள் கூலிக்குப் போவார்கள், அல்லது தொழில் பழகுவார்கள், அல்லது கப்பலேறுவார்கள். பாட்ரிக்கின் சகோதரர் ஜேம்ஸ் ஊரில் தங்கினார். பாட்ரிக் தொழில் பழகினார். பின்னர் கப்பலும் ஏறினார்.

நியூ ராஸில் செர்ரி சகோதரர்களின் மதுவடிப்புச் சாலை இருந்தது. பார்லியைக் கொண்டு பியர் வடிக்கும் இடத்தில் பீப்பாய் செய்பவர்க்கு ஓயாத வேலை. அங்கே வேலைபார்த்த பாட்ரிக் பேரன் என்னும் நண்பரிடம் கென்னடி இத்தொழிலைக் கற்றார் என்றும், அந்த நண்பர் முன்னதாகவே பாஸ்டனுக்குச் சென்று இவருக்கு வழிகாட்டினார் என்றும் நூல்கள் கூறுகின்றன.

அழுகிய கிழங்கு

1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அயர்லாந்தின் மக்கள்தொகை 81 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஏழை உழவர்களில் பெரும்பகுதியினர் ஒரே பயிரை நம்பியிருந்தனர்: உருளைக்கிழங்கு. நிலத்தில் விளைந்த தானியமும் வளர்த்த பன்றியும் குத்தகைப் பணத்துக்கு, கிழங்கு வயிற்றுக்கு. 1845 இலையுதிர்காலத்தில் ஒருவகைப் பூசண நோய் அப்பயிரைத் தாக்கியது. முதலாண்டில் ஒரு பகுதி அழிந்தது. 1846இல் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. 1847இல் நோய் தணிந்திருந்தும் விதைக்கிழங்கைப் பசியில் தின்றுவிட்ட மக்கள் நட்டதே சொற்பம். 1848இல் நோய் மீண்டும் திரும்பியது. 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 65 இலட்சம். ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினர்.

இவ்விடத்தில் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய பெயர் ஒன்று குறுக்கிடுகிறது. அப்பஞ்சத்தின்போது இலண்டன் கருவூலத் துறையில் உதவிச் செயலராக இருந்து, நிவாரணச் செலவின் கடிவாளத்தைக் கையில் வைத்திருந்தவர் சார்லஸ் டிரெவெல்யான். சந்தையின் போக்கில் அரசு தலையிடலாகாது என்பது அவருடைய உறுதியான கொள்கை. 1847ஆம் ஆண்டு ஏழைகள் நிவாரணச் சட்டத்தில் ஒரு விதி சேர்க்கப்பட்டது: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விடு என்பதே அதன் பொருள். இதே டிரெவெல்யான் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். புதிய வருமான வரியை எதிர்த்து வெளிப்படையாகக் கருத்துரைத்ததற்காக 1860இல் திருப்பி அழைக்கப்பட்டார். சென்னையின் மக்கள் பூங்காவோடு அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. அயர்லாந்தில் வசைப்பெயராகவும் சென்னையில் ஓரளவு நற்பெயராகவும் ஒரே மனிதர் நினைக்கப்படுவது, வரலாற்றைப் படிப்போர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி.

பாட்ரிக் கென்னடியைப் பஞ்சத்தின் நேரடி அகதி என்று எழுதுவது வழக்கம். நாம் அவ்வாறு உறுதியாகக் கூறத் தயங்குகிறோம். அயர்லாந்தின் மேற்குக் கரை மாவட்டங்கள் அழிந்த அளவுக்கு வெக்ஸ்ஃபோர்ட் அழியவில்லை. அங்கே பார்லியும் விளைந்தது. கென்னடிகளின் குடும்பம் நிலத்தை இழக்கவுமில்லை. கைத்தொழில் தெரிந்த, இருபத்தைந்து வயதான, நிலத்தில் பங்கில்லாத இளைஞர் அவர். பஞ்சம் அவரைத் தெருவில் தள்ளியிருக்க வேண்டியதில்லை. ஊரில் எதிர்காலம் இல்லை என்பதை ஐயமறக் காட்டியிருந்தால் அதுவே போதும். கிழங்கு மீண்டும் அழுகியபோது அவர் புறப்பட்டார் என்பதை நோக்க, இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

கப்பல்

அவர் புறப்பட்டது 1848இலா, 1849இலா என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. வாஷிங்டன் இர்விங் என்னும் கப்பலில் லிவர்பூலிலிருந்து வந்து 1849 ஏப்ரலில் பாஸ்டனில் இறங்கினார் என்போர் உண்டு. ஈனாக் டிரெய்ன் என்னும் பாஸ்டன் வணிகர் நடத்திய கப்பல் வரிசையைச் சேர்ந்தது அது. கிழக்கு பாஸ்டனில் டொனால்ட் மெக்கேயின் தளத்தில் 1845இல் கட்டப்பட்டது. அக்கூற்று உண்மையாயின், எந்த ஊரில் வாழ்ந்து மடியப் போகிறாரோ அந்த ஊரில் செய்த கப்பலே அவரை ஏற்றிச் சென்றது.

அக்காலக் கடற்பயணத்தை எண்ணும்போது இனிய காட்சிகள் எவையும் மனத்தில் எழ வேண்டியதில்லை. மேல்தளத்துக்குக் கீழே, சாளரமில்லாத இடைத்தளத்தில், மரப்பலகைப் படுக்கைகளில் நெருங்கிக் கிடந்து ஐந்தாறு வாரங்கள் கழிக்க வேண்டும். குடிநீர் பீப்பாயில் வரும். அதுவும் நாள் செல்லச் செல்ல நாறும். 1848 ஆகஸ்ட் 24ஆம் நாள் இதே டிரெய்ன் வரிசையின் ஓஷன் மோனார்க் என்னும் கப்பல், லிவர்பூலை விட்டுப் புறப்பட்ட சில மணிநேரத்திலேயே வேல்ஸ் கரைக்கு அருகில் தீப்பற்றி எரிந்தது. 170க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்துப் பயணம் செய்தோர் இதை அறிந்தே ஏறினார்கள்.

பாட்ரிக்கும் அவர் மனைவியாகப் போகும் பிரிட்ஜெட் மர்ஃபியும் கப்பலில்தான் காதல்கொண்டனர் என்று ஒரு கதை உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் பிரிட்ஜெட்டும் வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தவரே. புலம்பெயர்ந்த இடத்தில் ஊர்க்காரர் ஊர்க்காரரைத் தேடிச் சேர்வது உலக வழக்கம். கப்பல் தளத்து நிலவொளி இல்லாமலே இத்திருமணத்தை விளக்கிவிட முடியும். 1849 செப்டம்பர் 26ஆம் நாள் கிழக்கு பாஸ்டனில் அவர்கள் மணந்துகொண்டார்கள் என்பது பதிவு.

கிழக்கு பாஸ்டன்

பாஸ்டன் துறைமுகத்தில் நாடில் தீவு என்று அழைக்கப்பட்ட நிலமே கிழக்கு பாஸ்டன் ஆனது. நகரின் மையத்துக்குச் செல்லப் படகுதான் வழி. 1840இல் கியூனார்ட் நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் அங்கே கரைசேரத் தொடங்கின. மெக்கேயின் தளம் போன்ற கப்பல்கட்டும் தளங்கள் கரையோரம் நிறைந்தன. 1849இல் கலிஃபோர்னியாவின் தங்கத்தை நாடி உலகமே ஓடியபோது விரைவுக் கப்பல்களுக்குத் தேவை பெருகிற்று. புகழ்பெற்ற 'ஃபிளையிங் கிளவுட்' 1851இல் இங்கேதான் நீரில் இறங்கியது.

கப்பல் இருக்குமிடத்தில் பீப்பாய் இருந்தாக வேண்டும். இன்று இரும்புக் கொள்கலன் செய்யும் பணியை அன்று பீப்பாய் செய்தது. குடிநீர், உப்பிட்ட இறைச்சி, மாவு, மீன், வெல்லப்பாகு, ரம், திமிங்கில எண்ணெய், ஆணி எல்லாம் பீப்பாயில்தான் ஏறின, பீப்பாயில்தான் இறங்கின. சம்னர் தெருவில் டேனியல் ஃபிரான்சிஸ் என்பவரின் பட்டறையில் பாட்ரிக் வேலைக்கு அமர்ந்தார்.

பாஸ்டனில் வந்திறங்கிய ஐரிஷ்காரர்களில் மிகப்பெரும்பாலோர்க்கு மண்வெட்டி பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. 1847ஆம் ஆண்டு மட்டும் சுமார் 37,000 பேர் வந்ததாகச் சொல்வர். 1850இல் நகரின் மக்கள்தொகை 1,36,881. அதில் அயர்லாந்தில் பிறந்தவர் ஏறத்தாழ 35,000. அவர்களுள் தச்சுக்கருவி பிடிக்கத் தெரிந்தவர் ஒருபடி மேல் என்றே கொள்ள வேண்டும்.

அந்தத் தொழில்

நம் மொழியில் பீப்பாய் என்னும் சொல்லே போர்த்துகீசியரின் 'பிப்பா' வழியாகக் கப்பலோடு வந்தது. சொல்லை ஏற்றுக்கொண்ட அளவுக்கு அத்தொழிலின் நுட்பம் நமக்குப் பழக்கமில்லை. ஆகவே சற்று விரித்துரைப்பது தகும்.

பீப்பாய் வேலை இருவகை. மாவு, ஆணி முதலிய உலர்பொருளுக்கான பீப்பாய் சற்று இடைவெளி பொறுக்கும். நீர், எண்ணெய், மது ஆகியவற்றுக்கானது ஒரு துளியும் கசியக் கூடாது. அதற்கு வெள்ளைக் கருவாலி மரமே சிறந்தது. அம்மரத்தை ரம்பத்தால் அறுப்பதினும், நார் ஓடும் வாக்கில் பிளப்பதே முறை. அப்போதுதான் பலகை கசியாது. பிளந்த பலகைகளை நெடுநாள் காற்றில் உலர்த்துவார்கள். பின்பு ஒவ்வொன்றும் நடுவில் அகன்று இரு நுனியிலும் குறுகுமாறு கோடரியால் செதுக்கப்படும். இருகைப்பிடிக் கத்தியால் வெளிப்புறம் குவிந்தும் உட்புறம் குழிந்தும் சீவப்படும். ஆளுயரத்துக்கு நீண்ட இழைப்புளி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் பலகையைத் தள்ளி விளிம்பைச் சரிவாக இழைப்பார்கள். அந்தச் சரிவுக்கு அளவுகோல் கிடையாது. கண்தான் அளவு. முப்பது பலகைகளுள் ஒன்றின் சரிவு பிழைத்தாலும் பீப்பாய் ஒழுகும்.

பலகைகளை ஒரு வளையத்துக்குள் வட்டமாக நிறுத்தினால், மேலே குவிந்து கீழே விரிந்து பாவாடை போல நிற்கும். நடுவே இரும்புக் கூடையில் மரச்சீவல்களை எரித்து, வெளியே நீர் தெளித்து, மரம் இளகியதும் வளையங்களைச் சம்மட்டியால் அடித்து இறக்க வேண்டும். தாமதித்தால் மரம் விறைக்கும். அவசரப்பட்டால் விரிசல் விழும். பட்டறை முழுதும் புகையும் தூசியும் நிறைந்திருக்கும். இறுதியில் இரு நுனிகளிலும் உட்புறம் பள்ளம் வெட்டி வட்ட மூடிகளைப் பொருத்துவார்கள். மூடியின் அளவைக் காண ஓர் எளிய உபாயம் உண்டு. கவராயத்தை விரித்து அந்தப் பள்ளத்தைச் சுற்றி அளப்பார்கள். ஆறு அடிவைப்பில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால், அந்த விரிவே மூடியின் ஆரம். எழுத்தறியாத தச்சனும் அறிந்திருந்த வடிவியல் அது. ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒன்றையொன்று நெருக்கும் பலகைகளும், அவற்றை இறுக்கும் வளையமும், உள்ளே நீரால் மரம் ஊதிக்கொள்வதும் சேர்ந்துதான் அது நிற்கிறது.

இத்தகைய வேலையைச் செய்துதான் பாட்ரிக் கென்னடி ஒன்பதாண்டுகள் குடும்பத்தைக் காத்தார். அந்தப் பீப்பாய்களில் எதுவும் அவர் பெயர் தாங்கியிருக்காது. பண்டத்தின் உரிமையாளர் பெயரைத்தான் மூடியில் பொறிப்பார்கள்.

வெறுப்பின் ஆண்டுகள்

அந்த ஒன்பதாண்டுகள் பாஸ்டனில் ஐரிஷ்காரர்க்கு நல்லவையாக அமையவில்லை. 1834 ஆகஸ்டில் அண்மையிலுள்ள சார்ல்ஸ்டவுனில் கத்தோலிக்கக் கன்னியர் மடத்தை ஒரு கும்பல் எரித்தது. அந்த நெருப்பின் வெப்பம் ஆறவே இல்லை. 1854ஆம் ஆண்டுத் தேர்தலில், குடியேறியோரையும் கத்தோலிக்கரையும் எதிர்ப்பதையே கொள்கையாகக் கொண்ட 'ஒன்றும் அறியோம்' கட்சி மாசசூசெட்ஸ் மாநிலத்தை ஏறக்குறைய முழுமையாகக் கைப்பற்றியது. கட்சியைப் பற்றி யாரேனும் கேட்டால் 'எனக்கொன்றும் தெரியாது' என்று விடையளிக்க வேண்டும் என்பது அவர்களுடைய இரகசிய விதி; அதனால் வந்த பெயர் அது. ஹென்றி கார்ட்னர் ஆளுநரானார். ஐரிஷ்காரர்களின் படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. 1857இல், ஆங்கிலத்தில் அரசமைப்பைப் படிக்கவும் தம் பெயரை எழுதவும் தெரிந்தவருக்கே புதிதாக வாக்குரிமை என்னும் திருத்தம் நிறைவேறியது. பீப்பாய் மூடியின் ஆரத்தைக் கணக்கிடத் தெரிந்தது வாக்களிக்கப் போதுமானதாகக் கருதப்படவில்லை.

வெறுப்பைக் காட்டிலும் கொடியது வீடு. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. நிலவறைகள் வாடகைக்கு விடப்பட்டன. 1845ஆம் ஆண்டு பாஸ்டன் கணக்கெடுப்பை நடத்திய லெமுவேல் ஷட்டக், கத்தோலிக்கரின் அடக்கப் பதிவுகளைக் கொண்டு, இறந்தவர்களின் சராசரி வயது பதினான்கை எட்டவில்லை என்று காட்டினார். இந்த எண்ணைப் பலரும் பிழையாகப் புரிந்துகொள்கிறார்கள். பதின்மூன்று வயதில் எல்லோரும் இறந்தார்கள் என்பது இதன் பொருளன்று. அடக்கம் செய்யப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்பதே பொருள்.

கென்னடி இல்லம் அக்கணக்குக்கு விலக்காகவில்லை. 1851இல் மேரி, 1852இல் ஜோஹன்னா, 1854இல் ஜான், 1855இல் மார்கரெட், 1858 ஜனவரி 14ஆம் நாள் பாட்ரிக் ஜோசஃப் என ஐந்து குழந்தைகள் பிறந்தன. ஜான் இரண்டு வயது நிரம்பும் முன்பே 1855இல் இறந்தான். ஆங்கிலத்தில் 'காலரா' என்னும் சொல்லைச் சேர்த்து அழைக்கப்பட்ட, கோடையில் குழந்தைகளைக் கொள்ளைகொண்ட வயிற்றுப்போக்கு நோயே அதற்குக் காரணம் என்பர். அது உண்மையான காலரா அன்று; பெயர்தான் ஒன்று.

காலராவா, காசமா?

1858 நவம்பர் 22, திங்கட்கிழமை. பாட்ரிக் கென்னடி இறந்தார். கடைக்குட்டிக்கு அப்போது பத்து மாதம்.

எதனால் இறந்தார்? கென்னடி குடும்பத்தைப் பற்றிய நூல்கள் பலவும் காலரா என்று எழுதுகின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதால் இது நிலைபெற்றுவிட்டது. பிற்காலத்து ஆய்வாளர்கள் காசநோய் என்கிறார்கள். இது சிறிய விவரமாகத் தோன்றலாம்; நாம் அவ்வாறு கருதவில்லை. காலராவால் ஒருவன் ஒரே நாளில் சாகிறான். காசத்தால் சாகிறவன் மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில் சாகிறான். ஒரு மனிதரின் கடைசி ஆண்டு எப்படி இருந்தது என்பது இந்த விடையைப் பொறுத்தது.

சூழலை வைத்து எடைபோடுவோம். பாஸ்டனைக் காலரா கடுமையாகத் தாக்கிய ஆண்டு 1849. பாட்ரிக் மணம்புரிந்த அதே ஆண்டின் கோடையில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப்பெரும்பாலோர் ஐரிஷ்காரர். 1854 வரை அமெரிக்காவின் பல பகுதிகளில் அந்நோய் தலைகாட்டியது. அடுத்த பெரிய அலை 1866இல்தான் வந்தது. 1858 இவ்விரண்டுக்கும் நடுவில் விழுகிறது. மேலும் வட அமெரிக்க நகரங்களில் காலரா கோடைக்கால நோய். நவம்பர் இறுதியில் பாஸ்டனில் குளிர் தொடங்கிவிடும். காசமோ எந்த ஆண்டுக்கும் எந்தப் பருவத்துக்கும் உரியது. அந்நகரில் வயதுவந்தோரைக் கொன்ற நோய்களில் முதன்மையானது அதுவே. காற்றோட்டமற்ற நெருக்கமான வீடு, நாள் முழுதும் புகையும் தூசியும் நிறைந்த பட்டறை, ஓய்வற்ற உழைப்பு ஆகியவை சேர்ந்த முப்பத்தைந்து வயது உடல் அதற்கு எளிய இரை. குழந்தை ஜானின் நோய்ப்பெயரில் இருந்த 'காலரா' என்னும் சொல், பிற்காலத்தார் நினைவில் தந்தையின் மரணத்தோடு கலந்துவிட்டிருக்கலாம் என்பது நம் ஊகம்.

காசம் என்று கொண்டால் வேறொரு காட்சி தெரிகிறது. பீப்பாய்த் தச்சு தோள்வலிமை வேண்டுகிற தொழில். இருமலோடு சம்மட்டி பிடிக்கும் கை, நாளடைவில் தளர்ந்திருக்கும். வாரக்கூலி குறைந்திருக்கும். 1858 ஜனவரியில் பிறந்த மகனைத் தூக்கியபோதே தன் நாள்கள் எண்ணப்படுவதை அவர் உணர்ந்திருக்கக் கூடும். காசத்துக்குக் காரணமான நுண்ணுயிரை இராபர்ட் கோக் அறிவித்தது 1882 மார்ச் 24ஆம் நாள். மருந்து வந்தது அதற்கும் அறுபதாண்டுக்குப் பின். 1858இல் மருத்துவரால் ஆகக்கூடியது ஏதுமில்லை. காலரா என்னும் கதை அவருக்கு விரைவான, நாடகத்தன்மை வாய்ந்த சாவைத் தருகிறது. உண்மை அவரைப் போன்ற ஆயிரக்கணக்கான தொழிலாளரின் மெதுவான சாவோடு அவரைச் சேர்த்துவிடுகிறது.

பிரிட்ஜெட்

கணவர் இறந்தபோது பிரிட்ஜெட்டிடம் எஞ்சியவை நான்கு குழந்தைகள். அக்காலத்தில் பாஸ்டனில் இந்நிலை அரிதன்று. இதன் முடிவு ஏழையர் விடுதியாகவோ, குழந்தைகளைப் பிறர் வீட்டுக்கு அனுப்புவதாகவோ இருப்பது வழக்கம். பிரிட்ஜெட் வீட்டுவேலைக்குப் போனார். கூந்தல் ஒப்பனை வேலையும் செய்தார் என்பர். சிறுகச் சிறுகச் சேர்த்து, பார்டர் தெருவில் ஒரு சில்லறைக் கடை வைத்தார். மகன் பாட்ரிக் ஜோசஃப் இளமையிலேயே பள்ளியை விட்டுத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கினார்; பிறகு மதுக்கடை ஒன்றை வாங்கினார். தாயும் தமக்கையரும் சேர்த்து வைத்த பணம் அதற்குத் துணைநின்றது என்கிறார்கள். 1880களின் நடுவில் அவர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1890களில் மாநிலச் செனட் உறுப்பினரும் ஆனார். முப்பதாண்டுக்கு முன் 'ஒன்றும் அறியோம்' கட்சியினர் நிறைந்திருந்த அதே அவை அது.

1888 செப்டம்பரில் பேரன் ஜோசஃப் பிறந்தான். அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்ஜெட் இறந்தார். கணவருக்குப் பின் முப்பதாண்டுகள் அவர் வாழ்ந்தார். கென்னடி என்னும் பெயர் பிழைத்தது அந்த முப்பதாண்டுகளால்தான் என்பது நம் துணிபு. ஆயினும் குடும்பக் கதைகளில் பாட்ரிக்குக் கிடைத்த இடம் நெடுங்காலம் பிரிட்ஜெட்டுக்குக் கிடைக்கவில்லை. கடல்கடந்து வந்து மடிந்த ஆணைப் பாடுவது எளிது. கடைத்தட்டில் காசு எண்ணிய கைம்பெண்ணைப் பாட மொழிக்குப் பழக்கம் போதவில்லை. அண்மை ஆண்டுகளில் வந்த நூல்கள் இக்குறையைத் திருத்த முற்பட்டிருக்கின்றன.

நினைவு

1963 ஜூன் 27ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடி நியூ ராஸுக்கு வந்தார். துறைமுகத்தில் திரண்ட மக்களிடம் தம் கொள்ளுத்தாத்தா பீப்பாய்த் தொழில் செய்யப் புறப்பட்டதைக் குறிப்பிட்டார். அவர் போகாதிருந்தால் தாம் ஆற்றுக்கு எதிரிலுள்ள உரத் தொழிற்சாலையில் வேலைபார்த்துக்கொண்டிருக்கக் கூடும் என்னும் பொருள்படச் சிரிப்புக்கிடையே கூறினார். பின்னர் டங்கன்ஸ்டவுனில் உறவினரான மேரி ரையன் வீட்டு முற்றத்தில் தேநீர் அருந்தினார். ஐந்து மாதங்களுக்குள், நவம்பர் 22ஆம் நாள், டாலஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளுத்தாத்தா இறந்து அன்றோடு 105 ஆண்டுகள்.

இந்த நாள்பொருத்தத்தைக் காட்டி ஊழ் என்றும் சாபம் என்றும் எழுதுவோர் உண்டு. ஆண்டில் 365 நாள்களே உள்ளன. பெரிய குடும்பத்தின் சாவுகளில் இரண்டு ஒரே நாளில் விழுவது வியப்பன்று. ஜான் கென்னடியின் கொள்ளுப்பாட்டன் பாட்டிமார் எண்மரும் அயர்லாந்திலிருந்து வந்தவர்களே. எஞ்சிய எழுவர் இறந்த நாள்களை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

அவ்விரு நாள்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒற்றுமையினும் பெரிது. 1963இல் உலகம் நின்று பார்த்தது. 1858இல் ஒரு வீடு மட்டுமே நின்றது. மறுநாள் சம்னர் தெருப் பட்டறையில் நெருப்பு மூட்டியிருப்பார்கள்; அவருடைய இடத்தில் வேறொருவர் இழைப்புளியைப் பிடித்திருப்பார். நியூ ராஸ் துறையில் இப்போது டன்பிராடி என்னும் அக்காலக் கப்பலின் மறுபடைப்பு நிறுத்தப்பட்டிருக்கிறது. டங்கன்ஸ்டவுன் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கெல்லாம் வருவோர் ஒரு குடியரசுத் தலைவரின் முன்னோரைத் தேடி வருகிறார்கள். அவர்களில் சிலரேனும், கொள்ளுப்பேரன் புகழ்பெறாத மற்ற தச்சர்களையும் எண்ணிப்பார்ப்பார்களானால் நன்று. அவர்களும் இதே கவராயத்தால் ஆறுமுறை அளந்தவர்கள்தாம். இதே இருமலால் மடிந்தவர்கள்தாம். பாட்ரிக் கென்னடியின் வரலாற்றை நாம் எழுத முடிந்தது ஒரு தற்செயலால். அதை அவர்களுக்காகவும் சேர்த்தே எழுதியதாகக் கொள்க.